கடலுக்கடியில் குத்துப்பட்ட விரல்: மூன்று வாரமாகியும் வீக்கம் ஏன் வடியவில்லை?

34 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

போன வருடம்தான் ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். விடுமுறையில் அன்றைய இரண்டாவது டைவ். 14 மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் தள்ளியபோது, நிதானித்துக்கொள்ள ஒரு பாறையில் வலது கையை ஊன்றியிருக்கிறார். சுருக்கென்று ஏதோ குத்தியது. எது குத்தியது என்று பார்க்கவில்லை. விரலிலிருந்து பச்சையாக ஏதோ கசிவதைக் கண்டதும் விஷம் என்று நினைத்து, உடன் வந்தவரை விட்டுவிட்டு அலறிக்கொண்டே நேராக மேலே போய்விட்டார். படகில் மணிக்கட்டில் கயிறு கட்டி ஐஸ் வைத்தார்கள். ஒருவர் சிறுநீர் ஊற்றலாம் என்றாராம். நல்லவேளை, இவர் மறுத்துவிட்டார். விரல் வீங்கியதில் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்றிரவு இடது தோளில் வலி, இரண்டு பாதங்களிலும் கூச்சம். மறுநாள் காலை விமானத்தில் ஊர் திரும்பினார். கூச்சம் இரண்டு நாளில் போய்விட்டது. மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் அமாக்ஸிசிலின் சாப்பிட்டார், வீக்கம் குறைந்தது. இப்போது மூன்றாவது வாரம். விரல் மடங்கவில்லை, கணுவில் பட்டாணி அளவு கட்டி, நான்கு நாளாகப் புறங்கையில் இன்னொன்று. அன்று செய்தது சரியா, விரல் பழையபடி ஆகுமா, மறுபடி டைவ் போகலாமா என்று கேட்கிறார். கணவர் கூடாது என்கிறாராம். அடுத்த மாதப் பயணத்துக்குப் பணமும் கட்டியாகிவிட்டது.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. விரலில் ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

விரலை இந்த வாரமே காட்டுங்கள்

"இது சகஜம், ஒரு மாதம் ஆகும்" என்று டைவ் மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தேள் மீன், கல் மீன், சிங்க மீன் போன்றவற்றின் முள் குத்தினால் வீக்கமும் மதமதப்பும் வாரக்கணக்கில் நீடிப்பதுண்டு. ஆனால் அந்த வீக்கம் நாளாக நாளாகக் குறைய வேண்டும். உங்களுக்குக் குறைந்துவிட்டு மறுபடி கட்டியாகக் கிளம்பியிருக்கிறது. அதுவும் விரலிலிருந்து கை நோக்கி ஏறுகிறது. அந்தப் புறங்கைக் கட்டியைப் படித்ததும்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்து கிடக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாவிட்டாலும் அல்ட்ராசவுண்டில் தெரிய வாய்ப்புண்டு. இன்னொன்று, மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி. காசநோய்க் கிருமியின் உறவுக்காரன் இது. கடல்நீரிலும் மீன் தொட்டிகளிலும் இருக்கும். நீரில் பட்ட காயம் ஆறியது போல இருந்து, சில வாரங்கள் கழித்து வலி அதிகமில்லாத கட்டியாக எழும்பி, நிணநீர்க் குழாய் வழியே கையில் வரிசையாக மேலேறுவது இதன் வழக்கம். மூன்று நாள் அமாக்ஸிசிலின் இதை ஒன்றும் செய்யாது. உரிய மருந்துகள் இருக்கின்றன, குணமாகும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிவரும்.

கை அறுவை நிபுணர், தோல் மருத்துவர், தொற்றுநோய் நிபுணர் ஆகியோரில் யார் சீக்கிரம் கிடைக்கிறாரோ அவரிடம் போங்கள். போனதும் "கடலுக்கடியில் குத்துப்பட்ட காயம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விரல் மடங்கவில்லை என்று மட்டும் சொன்னால் மூட்டுவாதம் என்று நினைத்து ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடக்கூடும். உள்ளே தொற்று இருந்தால் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். திசு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்போதும், கடல் கிருமி என்று சந்தேகிப்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மரைனம் சுமார் 30 டிகிரி செல்சியஸில்தான் நன்றாக வளரும். உடல் வெப்பத்தில் வைத்து வழக்கமான முறையில் வளர்த்துப் பார்த்தால் "கிருமி இல்லை" என்று அறிக்கை வந்துவிடும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்கிறீர்கள். அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் பார்க்காமல் மணிக்கணக்கில் ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. சிவப்பு வேகமாகப் பரவுவது, ரத்தம் கோத்த கொப்புளம், காய்ச்சல், காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி ஆகியவை தெரிந்தால் நேராக அவசரப் பிரிவுதான். விப்ரியோ வல்நிபிகஸ் என்ற கடல் கிருமி அப்படித்தான் தாக்கும். கல்லீரல் நோய், சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்களை அது ஒன்றிரண்டு நாளிலேயே சாய்த்துவிடும். மூன்று வாரம் தாண்டிய உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. உங்களுடன் டைவ் போகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

குத்தியது மீனாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்தாக இருந்தது வேறு

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். உங்கள் கதையில் என்னை அதிகம் பதற வைத்தது மீன் இல்லை, நீங்கள் மேலே வந்த வேகம்.

முதலில் அந்தப் பச்சைத் திரவம். அது விஷம் இல்லை, உங்கள் ரத்தம். தண்ணீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடும். பத்து மீட்டருக்குக் கீழே ரத்தம் பச்சையாகவோ கறுப்பாகவோதான் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் சிவப்பாகத் தெரிந்திருக்கும். இதை உங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.

14 மீட்டரில் உங்கள் மேல் இருந்த அழுத்தம் தரைமட்டத்தைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று 2.4 மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போகலாம். பயந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் இயல்பு. நீங்கள் அலறிக்கொண்டே வந்ததால் காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. அலறல் உங்களைக் காப்பாற்றியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வந்திருந்தால்கூட மொத்தம் ஐந்து நிமிடத்துக்குள் படகில் இருந்திருப்பீர்கள். மீன் முள் குத்தியதற்கு அந்த ஐந்து நிமிடத்தால் எந்த நஷ்டமும் இல்லை. வலி கொல்லும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் வாயில் இருக்க வேண்டும், மூச்சு நிற்காமல் ஓட வேண்டும், உடன் வந்தவரின் கையையோ பட்டையையோ பிடிக்க வேண்டும். காயத்தைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான். ரத்தம் பீறிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, கைகால் சொல்பேச்சுக் கேட்காமல் போனாலோ 5 மீட்டர் நிறுத்தத்தை விட்டுவிடலாம். வழக்கமான பொழுதுபோக்கு டைவில் அது கூடுதல் பாதுகாப்புக்காக வைத்ததுதான். ஏறும் வேகத்தில் மட்டும் சமரசம் கூடாது.

இப்போது அன்றிரவுத் தோள்வலிக்கு வருவோம். "விஷம் ஏறியிருக்கும்" என்று விட்டுவிட்டீர்கள். வலது விரலில் குத்தினால் வலி வலது கையில் ஏறலாம். வாந்தி, தலைசுற்றல், வியர்வைகூட வரலாம். இடது தோளும் இரண்டு பாதங்களும் ஏன்? அன்று இரண்டாவது டைவ், வேகமான ஏற்றம், 24 மணி நேரத்துக்குள் மூட்டுவலியும் கூச்சமும். இதைக் கேட்கும் எந்த டைவிங் மருத்துவரும் அழுத்தக் குறைவு நோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் விடமாட்டார். உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்புவதால் வருவது அது. அன்றே தூய ஆக்சிஜன் கொடுத்து, படுக்க வைத்து, அழுத்த அறை (உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அறை) உள்ள மருத்துவமனையைத் தொடர்புகொண்டிருக்க வேண்டும். விமானம் ஏறியிருக்கவே கூடாது. அந்தக் கூச்சம் விஷத்தாலா குமிழியாலா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால்தான், மறுபடி தண்ணீரில் இறங்கும் முன் டைவிங் மருத்துவர் ஒருவர் உங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன். டைவ் கம்ப்யூட்டரில் அன்றைய பதிவு இருக்கும், அழித்துவிடாதீர்கள். தேவைப்பட்டால் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே சிறு துளை இருக்கிறதா என்றும் பார்ப்பார். சுமார் நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையே இல்லை.

ஐஸ், கயிறு, சிறுநீர்

படகில் இருந்தவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் ஐஸ், கயிறு இரண்டுமே தவறு. நிலத்துப் பாம்புக்குச் சொல்லிக்கேட்ட வைத்தியத்தைக் கடலுக்கும் எடுத்து வருவதால் வரும் வினை இது. மீன் நச்சு குத்திய இடத்துத் திசுவைத்தான் அதிகம் கெடுக்கும். கயிறு கட்டினால் அந்த நச்சை அங்கேயே தேக்கி, ரத்த ஓட்டத்தையும் நிறுத்தி, விரலுக்கு இரட்டைச் சேதம் செய்கிறோம்.

வேண்டியது வெந்நீர். இந்த மீன்களின் நச்சு ஒரு புரதம், வெப்பத்தில் சிதைந்துவிடும். சுமார் 45 டிகிரி செல்சியஸ் நீரில் காயம்பட்ட பகுதியை 30 முதல் 90 நிமிடம் வரை முக்கி வைக்க வேண்டும். வலி பல நேரங்களில் கண்ணெதிரே இறங்கும். நீர் ஆறினால் மறுபடி ஏறும், அப்போது சூடு சேர்க்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? காயப்படாத கையை அதே நீரில் வைத்துப் பாருங்கள். அது தாங்கும் சூடுதான் அளவு. காயப்பட்ட கையை நம்பி அளக்காதீர்கள். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். வெந்நீர் வைக்கும் முன் மோதிரம், கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உங்கள் மோதிரத்தை முதல் ஐந்து நிமிடத்தில் கழற்றியிருந்தால் வெட்டத் தேவை வந்திருக்காது.

எதற்கு எது

ஒரே வைத்தியம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதால் இதை மட்டும் பிரித்துத் தருகிறேன்.

*முள்ளால் குத்துபவை.* தேள் மீன், கல் மீன், சிங்க மீன், திருக்கை, கடல் முள்ளெலி எல்லாவற்றுக்கும் வெந்நீர். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளை இடுக்கியால் எடுக்கலாம்; உள்ளே போனதை ஊசியால் நோண்டக் கூடாது. கடல் முள்ளெலி குத்திய இடத்தில் தெரியும் கரும்புள்ளி பல சமயம் முள்ளே இல்லை, சாயம் மட்டும்தான். மூட்டருகே முள் இருந்தால் மருத்துவர் எடுக்கட்டும். திருக்கையின் முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ சொருகியிருந்தால் பிடுங்காமல் அப்படியே அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தொலைக்காட்சியில் விலங்குகளோடு பார்த்துப் பழகிய ஸ்டீவ் இர்வின் 2006-இல் இறந்தது மார்பில் பாய்ந்த திருக்கை முள்ளால்தான். கல் மீனுக்கு மாற்று மருந்து உண்டு. வெந்நீருக்கும் வலி அடங்காவிட்டால் அதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

*ஜெல்லி மீன் வகை.* தோலில் ஒட்டிய இழையில் இன்னும் வெடிக்காத நச்சு ஊசிகள் ஏராளம் இருக்கும். மணல் போட்டுத் தேய்த்தாலோ, நல்ல தண்ணீர், சிறுநீர், ஸ்பிரிட் ஊற்றினாலோ அவை வெடிக்கலாம். பெட்டி ஜெல்லி மீனுக்கு வினிகரை 30 விநாடியாவது ஊற்றி, பிறகு இழையை இடுக்கியால் எடுக்க வேண்டும். இது நிமிடங்களில் இதயத்தை நிறுத்தக்கூடியது. மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீலப் பையாக மிதக்கும் புளூபாட்டிலுக்கு வினிகர் சரியா என்பதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடல்நீரால் கழுவி இழையை எடுத்துவிட்டு வெந்நீர் வைப்பது நல்லது. வெட்சூட்டிலும் கையுறையிலும் ஒட்டிய இழை, கழற்றும்போது முகத்தில் கொட்டும். கவனம்.

*வலிக்காமல் கடிப்பவை.* எனக்கு அதிகம் பயம் இவற்றிடம்தான். கடல் பாம்பு, நீலவளைய ஆக்டோபஸ், கூம்பு நத்தை. முதல் இரண்டும் கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது. கூம்பு நத்தை அழகான சிப்பி என்று கையில் எடுத்தவரைக் குத்தும். நச்சு நரம்பைத் தாக்கும். இமை தொங்குவது, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று ஆரம்பித்து மூச்சுத் தசைகள் வரை போகும். இங்கே வெந்நீர் வேண்டாம். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை, சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தில் கை முழுவதும் அல்லது கால் முழுவதும் சுற்றி, பலகை வைத்து, அந்த நபரை அசையவிடாமல் படுக்க வைக்க வேண்டும். நீலவளைய ஆக்டோபஸுக்கு மாற்று மருந்தே கிடையாது. மூச்சு நின்றால் உதவி வரும்வரை வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதிக்கொண்டே இருந்தால் ஆள் பிழைப்பார். அசைய முடியாமல் கிடந்தாலும் அவருக்குச் சுற்றி நடப்பதெல்லாம் கேட்கும். தலைமாட்டில் நின்று "முடிஞ்சுபோச்சு" என்று பேசாதீர்கள்.

*பல்லால் கிழிப்பவை.* மோரே விலாங்கு பொந்தில் கை விட்டாலோ, தீனி காட்டினாலோதான் பெரும்பாலும் கடிக்கும். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. தொண்டைக்குள் இரண்டாவது தாடையும் உண்டு. கையை வெடுக்கென்று இழுத்தால் சதையும் நரம்பும் அதன் வாயில் மிஞ்சும். கூடு காக்கும் டைட்டன் டிரிகர் மீன் துரத்தினால் மேலே போகாதீர்கள். அதன் எல்லை கூம்பு போல மேலே விரியும். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். சுறா பற்றி நீங்கள் கேட்கவில்லை, உங்கள் கணவர் கேட்பார். சீண்டாமல் கடித்ததாக உலகம் முழுக்கப் பதிவாகும் சம்பவங்கள் பொதுவாக ஆண்டுக்கு நூறைத் தொடுவதில்லை. அப்படிக் கை காலைக் கிழித்து, அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால்தான் இறுக்கக் கட்டு தேவை. அதுவும் கயிற்றால் கூடாது, அகலப் பட்டையால், கட்டிய நேரத்தை எழுதி வைத்து. பவளச் சிராய்ப்பு போன்ற சில்லறைக் காயங்களைச் சோப்பும் சுத்தமான நீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். கழுவாமல் விட்டால் அதுவும் வாரக்கணக்கில் புண்ணாகி நிற்கும்.

படகுக்காரர்களைக் கேட்கலாமா?

புறப்படும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், அதனால் எதுவும் கேட்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளுக்கு எவ்வளவு பலம் என்பது அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். மருத்துவராக நான் கேட்பது வேறு. படகில் ஆக்சிஜன் இருந்ததா? இருந்தால் ஏன் கொடுக்கவில்லை? விரலைப் பார்த்தார்கள், ஏறிய வேகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? நடந்ததைத் தேதி, ஆழம், நேரத்தோடு எழுதி, அந்த நிறுவனத்துக்கும் உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்த பயிற்சி அமைப்புக்கும் அனுப்புங்கள். நஷ்டஈடு கிடைக்கிறதோ இல்லையோ, அடுத்து அந்தப் படகில் ஏறுகிறவருக்கு உதவும்.

காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, டைவிங்கை விலக்கி வைத்திருக்கும் அல்லது ஆழத்துக்கு வரம்பு போட்டிருக்கும். அழுத்த அறைச் சிகிச்சை அதில் அடக்கமா என்று பாருங்கள். 1980-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 24 மணி நேர அவசரத் தொலைபேசி வைத்திருக்கிறது. அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

மறுபடி போகலாமா?

உங்கள் கணவர் "வேண்டவே வேண்டாம்" என்கிறார், நீங்கள் "அடுத்த மாதமே" என்கிறீர்கள். நான் இரண்டு பேர் பக்கமும் இல்லை. அடுத்த மாதம் வேண்டாம். விரல் மடங்காத கையால் பி.சி.டி. (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேல்சட்டை) பொத்தானை அழுத்துவதும், முகமூடியைச் சரிசெய்வதும், இன்னொருவரை உதவிக்குப் பிடிப்பதும் சிரமம். திறந்த புண்ணோ மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் தொற்றோ இருந்தால் தண்ணீரே ஆகாது. கட்டிய பணத்துக்குத் தேதி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

விரல் குணமாகி, டைவிங் மருத்துவரும் சரி என்றால் தாராளமாகப் போகலாம். கையுறை போட்டுக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சிங்க மீன் முள் கையுறையைத் துளைத்துப் போகும். கையுறை இருக்கிறது என்ற தைரியத்தில் எதையும் தொடத் தோன்றும் என்பதால் பல கடல் பூங்காக்களில் அதற்குத் தடையே உண்டு. பாறையில் கை ஊன்ற வேண்டி வந்ததுதான் உங்கள் பிரச்சினை. மிதப்பைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை ஒரு பயிற்சியாளரோடு ஆழமில்லாத இடத்தில் மறுபடி எடுங்கள். கணவரையும் முதலுதவி வகுப்புக்கு அழைத்துப் போங்கள். படகில் உட்கார்ந்து கவலைப்படுவதற்கு வெந்நீர் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கும் தேவலை.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். மருந்து எவ்வளவு காலம் என்பது தெரிந்தால் எப்போது தண்ணீரில் இறங்கலாம் என்பதை அப்போது பேசலாம்.